பஞ்சில் வந்த வெள்ளை

வேலையை விட்டு நின்ற பிறகும் மாதத்துக்கு ஒரு முறையாவது புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் நாய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருவேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பழகிய இடம், போகாமல் இருக்க முடியவில்லை. இப்போது இரண்டு இளம் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். நாயின் கண்ணையும் முகத்தையும் துடைப்பதற்குப் பாக்கெட்டில் ஈரத் துணி வந்துவிட்டது. ரோஜாப்பூ வாசனை வேறு. உருவினால் ஒன்று வரும். துடைக்க வேண்டியது, காலால் மிதித்தால் வாய் திறக்கும் தொட்டியில் போட வேண்டியது. நல்ல வசதிதான். நான் குறை சொல்லவில்லை.

போன மாதம் போயிருந்தபோது ஒரு பெண் துடைத்துப் போட்ட துணியை என்னை அறியாமல் குனிந்து பார்த்துவிட்டேன்.

"குப்பையில போறதை எதுக்கு ஆயா எட்டிப் பாக்குற?" என்று அவள் சிரித்தாள்.

"மூக்குத்தி விழுந்துடுச்சோ என்னமோ" என்றாள் மற்றவள்.

எனக்கு உடனே பதில் வராது. நாலு பேர் முன்னால் என்றால் வாயே திறக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகு, சொல்ல வராததை எழுதலாமே என்று தோன்றியது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் அந்தப் பெண்கள் திருத்திக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லில் வேலை நின்றுபோனதும் நான் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அப்படிப் பாத்திரம் தேய்க்கப் போன வீடுகளில் ஒன்று டாக்டரம்மா வீடு. அங்கே ஒரு கிழட்டு நாய் இருந்தது. யார் முகத்தைத் தொட்டாலும் உறுமும். நான் சோற்றுத் தட்டை வைக்கும்போது அதன் கண்ணில் பீளை கட்டியிருப்பதைப் பார்த்து, முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டேன். அது சும்மா இருந்தது. டாக்டரம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"முந்தானையால துடைச்சது தப்பு. ஆனா உன் கை அவசரப்படல. ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்றார். அது இரண்டாயிரத்து ஒன்று. எனக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும்.

தரை கழுவ, கூண்டு கழுவ, நாயைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. இரண்டு தடவை கடி வாங்கினேன். அதற்குப் பிறகு முகம் துடைக்கும் வேலை முழுக்க என்னுடையது என்று ஆகிவிட்டது.

அந்த வேலையை டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடியே எழுதுகிறேன். காலையில் வந்ததும் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. வளையலைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொள்வேன், சத்தத்துக்குச் சில நாய்கள் மிரளும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். பஞ்சை உருண்டையாகக் கிள்ளி, நூல் பிரியாமல் அழுத்தி, நனைத்துப் பிழிந்து வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சு அடுத்த கண்ணுக்கு ஆகாது.

நாயின் நேர் எதிரே கையைக் கொண்டுபோகக் கூடாது. பக்கவாட்டில் நின்று தாடைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் காதுக்குப் பின்னாலிருந்து பஞ்சைக் கொண்டுவர வேண்டும். காய்ந்த பீளையைப் பிய்க்கவே கூடாது. ஈரப் பஞ்சை அதன்மேல் வைத்து, மனசுக்குள் அறுபது எண்ணினால் அதுவே ஊறி வந்துவிடும். கண்ணின் உள் மூலையிலிருந்து மூக்கோரமாகக் கீழே ஒரே இழுப்பு. திரும்பத் தேய்க்கக் கூடாது. முகத்தில் மடிப்பு இருக்கிற நாய் என்றால் மடிப்பைக் கட்டை விரலால் விரித்து ஈரப் பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். மடிப்பில் ஈரம் நின்றால் புளித்த கஞ்சி மாதிரி நாற ஆரம்பித்துவிடும். அப்புறம் அரிப்பு. அரித்தால் நாய் முகத்தைக் கொண்டுபோய் எதிலாவது தேய்க்கும்.

கடைசி வேலைதான் முக்கியம். துடைத்த பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். "கண்ணு என்ன சொல்லுதுன்னு பஞ்சுலதான் எழுதியிருக்கு" என்பார் டாக்டரம்மா. பழுப்பு என்றால் பயமில்லை. மஞ்சள், பச்சை என்றால் அவரைக் கூப்பிட வேண்டும். நூல் மாதிரி இழுபட்டால் ஒரு நோய், தண்ணீர் மாதிரி இருந்தால் வேறு நோய்.

டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குள்ளமான உருவம், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நாயை மேசையில் ஏற்றும் முன்னால் தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கதையை ஆரம்பித்தால் கையைத் தூக்குவார். "இருங்க, முதல்ல இது சொல்லட்டும்." நாய் வந்து அவர் கையை மோந்து முடிக்கும் வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கியவர்களும் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மரியாதை கூடும். "அஞ்சல, இங்க வா" என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. "அஞ்சலை, இங்க வாங்க" என்றால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன்.

சாயங்காலம் கதவைச் சாத்தும் முன்பு தினமும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். "இன்னிக்கு என்ன பாத்தே?" நான் தானாக வாய் திறக்காதவள் என்று தெரிந்து எனக்காகவே வைத்த கேள்வி என்று நினைக்கிறேன். "கருப்பு நாய்க்கு வலது கண்ணுல மட்டும் தண்ணிங்க" என்பேன். "அந்தக் குட்டிக்கு மடிப்புல செவந்திருக்குங்க" என்பேன். நோட்டில் எழுதிக்கொள்வார். நான் சொன்னதை எழுதிக்கொள்ளவும் ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு அப்போதெல்லாம் கூச்சமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

ஒரு நாள் உழவர்கரையிலிருந்து ஒரு அம்மாள் வெள்ளை பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாய் கண்ணையே திறக்கவில்லை. பஞ்சை வைத்துத் துடைத்தால் வெள்ளை வெள்ளையாக வருகிறது. நூலாக இழுபடவும் இல்லை. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. வாசனை கம்மென்று இருந்தது.

"பவுடர் போட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுல வந்தாங்க. இது மூஞ்சியில ரெண்டு பக்கமும் பழுப்புக் கோடு, எப்பப் பாத்தாலும் அழுதாப்புல. நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல அழுத மூஞ்சி படலாமா? அதான் லேசா பூசிவிட்டேன்."

"பொண்ணுக்கு மிச்சம் வச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து டாக்டரம்மா கேட்டார். அந்த அம்மாளே சிரித்துவிட்டார். கண்ணைக் கழுவியதும் நாய்க்குச் சரியாகிவிட்டது. கல்யாணமும் முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிறகு டிவியில் ஒரு செல்போன் விளம்பரம் வந்தது. அதில் ஒரு சின்னப் பையன் பின்னால் சப்பை மூக்கு நாய் ஒன்று ஓடும். அந்த ஜாதிக்குப் பக் என்று பெயர். வெயில் ஊரில் அதற்கு மூச்சு வாங்கும், கண் வேறு வெளியே பிதுங்கிக்கொண்டு இருக்கும். ஆனாலும் ஊரில் தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. எனக்கு வேலையும் கூடியது. முகம் முழுக்க மடிப்பு அல்லவா.

அப்படி வந்ததில் ஒன்றுதான் பிஜூ. நகை என்று அர்த்தமாம், பிரெஞ்சில். அதை வளர்த்தவர் முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த முசியே. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்பது மாதிரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பிள்ளைகள் இருவரும் பிரான்சில். மனைவி இறந்து இரண்டு வருடம். லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய நாயை இவரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். குட்டியாக இருக்கும்போதே மொட்டைமாடியில் ஒரு பூனை கீறி அதற்கு இடது கண் போய்விட்டது. அது எங்களிடம் வருவதற்கு முந்தைய கதை. எங்களிடம் வந்தபோது அதற்கு வலது கண் ஒன்றுதான்.

முசியேவிடம் ஒரு பழக்கம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது நான் துடைப்பத்தோடு உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். முதல் தடவை எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பெண்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பது அவர் பழகிய முறையாம். என் ஆயுளில் எனக்காக எழுந்து நின்ற ஆம்பிளை அவர் ஒருவர்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நான் செய்த தப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, பிஜூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருக்கிற ஒரு கண்ணையும் இடுக்கிக்கொண்டிருந்தது. மடிப்பில் ஈரம் நின்று அரிப்பெடுத்து, வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியில் முகத்தைத் தேய்த்திருக்கிறது. டாக்டரம்மா ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டுக் கழுவிவிட்டு விளக்கை அடித்தார். புண் இருக்கிற இடத்தில் பச்சையாகத் தெரியும். கடுகளவு பச்சை தெரிந்தது.

"சின்னதுதான் முசியே. ஆனா இதுக்கு வேற கண்ணு இல்ல. நாலு மணி நேரத்துக்கொரு தரம் இந்தச் சொட்டு மருந்து. வேற எதுவும் போடாதீங்க. திங்கக்கிழமை காட்டுங்க." கழுத்தில் பிளாஸ்டிக் காலரையும் மாட்டி அனுப்பினார்.

திங்கட்கிழமை பார்த்தால் பச்சை மிளகளவு ஆகியிருந்தது. ஆனால் கண்ணில் சிவப்பு இல்லை. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. வெளியே வந்து, பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"வேற ஏதாச்சும் போட்டீங்களா முசியே?"

"நீங்க குடுத்ததத் தவிர ஒரு சொட்டு போடல. பட்டாளத்துல இருந்தவன் நான், சொன்னா சொன்னபடி செய்வேன்" என்றார் சத்தமாக.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அஞ்சல, உன் வீட்டுகிட்டதானே? நாளையிலேர்ந்து வேலைக்கு வர்றதுக்கு முன்ன அவர் வீட்டுக்குப் போயி முகத்தைத் துடைச்சு மருந்து விட்டுட்டு வா."

செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். முசியே எழுந்து நின்று, "வாம்மா, காப்பி குடிக்கிறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரையும் பஞ்சையும் எடுத்து உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே ரோமத்தில் துடைத்த பஞ்சை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். வெள்ளையாக இருந்தது. பீளை இல்லை. விரலில் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. டாக்டரம்மா கொடுத்த மருந்தோ தண்ணீர் மாதிரி தெளிவானது, அது காய்ந்தால் தடமே இருக்காது.

"பவுடர் ஏதாச்சும் போட்டீங்களாய்யா?"

"நாய்க்கு யாராச்சும் பவுடர் போடுவாங்களா?" என்று அவர் சிரித்தார். பவுடருக்கு வாசனை இருக்கும். இதற்கு இல்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கேட்டார். "இன்னிக்கு என்ன பாத்தே?"

"ஒண்ணும் இல்லீங்க."

அந்த மனிதர் ஏழெட்டுப் பேர் முன்னால் போடவில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் போய் இப்படி ஒரு வெள்ளை இருக்கிறது என்றால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகிவிடும். ஒருவேளை சுவரில் முகத்தைத் தேய்த்துச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கழுத்தில் அத்தனை பெரிய காலர் இருக்கும்போது நாய் எப்படிச் சுவரில் தேய்க்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

புதன்கிழமை மறுபடி வெள்ளை. அன்று தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது அலமாரியில் அவர் மனைவி படத்துக்கு முன்னால் ஒரு குட்டி பாட்டிலைப் பார்த்தேன். வெளிநாட்டு எழுத்து. உள்ளே அடியில் பால் மாதிரி கொஞ்சம் தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். நடந்து வந்து அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் குனிந்து மருந்தை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் அதே கேள்வி. நான் அதே பதில்.

வியாழக்கிழமை காலையில் காலரைக் கழற்றி முகத்தைத் தூக்கினேன். கண் முழுக்க நீலம் பாரித்து, பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு குழி. பிஜூ நான் இருக்கும் பக்கம் கூடப் பார்க்கவில்லை, மூக்கை மட்டும் ஆட்டி என்னைத் தேடியது. கண்ணுக்குக் கீழே துடைத்தேன், மறுபடி வெள்ளை. பஞ்சைக் காகிதத்தில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்க மனசு வராமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"டாக்டரம்மா, பிஜூவுக்குக் கண்ணு குழிஞ்சிடுச்சு. வேற மருந்து விடுறாருங்க. இந்தாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்துப் பஞ்சை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன நாளா தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு நாளுங்க."

டாக்டரம்மா கையைக் கழுவிவிட்டு, வந்திருந்தவர்களிடம், "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் உட்காரும்படி எனக்குத் தலையை அசைத்தார். வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

முசியே வீட்டில் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தார். பிஜூ வந்து கையை மோந்தது. விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு. அந்த மாதிரி வெள்ளை மருந்தை ஆப்பரேஷன் செய்த கண்ணுக்குக் கொடுப்பார்கள் என்று பிறகு சொன்னார்.

"முசியே, உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு ஆப்பரேஷன் எங்க பண்ணீங்க?"

"பிரான்சுலதான். மக வீட்டுல இருந்தப்ப."

"நீங்கதான் மருந்து விட்டீங்களா?"

"நான்தான். ஒரு நாளைக்கு நாலு தரம். நல்லா ஆட்டிட்டு விடணும்பாங்க. ஒரு சொட்டு கன்னத்துல விழுந்ததில்ல. இதுதான் தலைய ஆட்டிடுது…"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அலமாரியை நோக்கிக் கையைக் காட்டினார். டாக்டரம்மா எழுந்து பாட்டிலை எடுத்துப் படித்தார்.

"சனிக்கிழமைலேர்ந்து விட்டேன். ரெண்டே நாள்ல செவப்பு போயிடுச்சு டாக்டர். நல்லாகுதுன்னு நெனச்சேன். அவளுக்கும் அப்படித்தான் போச்சு."

"இது செவப்பை அடக்கும் முசியே. ஆப்பரேஷன் பண்ண கண்ணுக்கு நல்லது. புண்ணு இருக்குற கண்ணுல விட்டா ஆற விடாது, இன்னும் தோண்டும். வலி தெரியாததால அதுவும் சும்மா இருந்திருக்கும்." குரல் ஏறவும் இல்லை, மரியாதை கூடவும் இல்லை. "இப்பவே தைக்கணும். எடுத்துக்கிட்டு வாங்க."

நாய்க்குக் கண்ணின் உள் மூலையில் மூன்றாவதாக ஒரு இமை உண்டு. அதை இழுத்துக் கண்ணை மூடித் தைத்துவிட்டால், கட்டுப் போட்ட மாதிரி உள்ளே ஆறும். ஆறினாலும் ஆறும், இல்லாவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். டாக்டரம்மா அதை முசியேவிடம் மறைக்கவில்லை. மயக்க ஊசி போட்ட பிறகு தலையை நான் பிடித்துக்கொண்டேன். மொத்தம் எத்தனை முடிச்சு என்று எனக்கு இன்றைக்கும் தெரியும், நாலு.

மூன்று வாரம் தினமும் காலையில் போனேன். தையலைச் சுற்றிப் பஞ்சை ஒற்றி எடுப்பேன், இழுக்கக் கூடாது. மடிப்பை விரித்து உலர்த்துவேன். முழுக் குருடாக இருந்த அந்த மூன்று வாரமும் பிஜூ என் காலடிச் சத்தம் கேட்டதும் சுவரோரமாகத் தடவிக்கொண்டு வந்து முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கும். காலரோடு அது ஒரு புனல் மாதிரி இருக்கும். முசியே எழுந்து நிற்பார். ஆனால் காப்பி குடிக்கிறியா என்று கேட்பதில்லை. யார் சொல்லி டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் வேலையை முடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிடுவேன். டாக்டரம்மாவும் அந்த மூன்று வாரம் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசினார்.

தையல் பிரிக்கிற அன்று மூவரும் உள்ளே இருந்தோம். டாக்டரம்மா நூலை வெட்டி இமையை விட்டார். ஈரப் பஞ்சை வைத்து, நான் வழக்கம்போல அறுபது எண்ணித் துடைத்தேன். கண் திறந்தது. குழி இல்லை, மூடிவிட்டது. ஆனால் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை வடு.

"தெரியுதா அதுக்கு?" என்று முசியே கேட்டார். ஒரு தரம்தான் கேட்டார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "ஒரு உருண்ட பஞ்சை மேலேருந்து விடுங்க. பஞ்சு விழுந்தா சத்தம் இல்ல, காத்து இல்ல. கண்ணு இருந்தாதான் திரும்பும்" என்றார்.

விட்டேன். பிஜூ திரும்பவில்லை. பஞ்சு மேசையில் விழுந்து கிடந்தது.

"நேரா விடாதீங்க. அங்கதான் வடு இருக்கு. வெளிப்பக்கமா விடுங்க."

இரண்டாவதை வலது ஓரமாக விட்டேன். பாதி தூரம் இறங்கியது. பிஜூவின் தலை அதோடு சேர்ந்து கீழே இறங்கியது. மேசையில் விழுந்ததும் ஓடிப் போய் அதைக் கவ்விவிட்டது.

"கொடு, கொடு, முழுங்கிடாத" என்று டாக்டரம்மா வாயில் விரலை விட்டு எடுத்தார். சிரித்துக்கொண்டே, "அஞ்சல, நீ விட்டது பஞ்சா, பன்னா?" என்றார். அந்த 'நீ'யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முசியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் கைக்குட்டையை மடித்தார்.

ஆட்டோவுக்காக வெளியே நின்றோம். வெயில் அடிக்குமென்று பிஜூவை நான் சேலைக்குள் பிடித்திருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"ஐயா, நான் செவ்வாக்கெழமையே பாத்துட்டேன். வியாழக்கெழமதான் சொன்னேன். அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த வடு இவ்ளோ இருந்திருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க இல்லன்னு சொன்னீங்களே. அப்புறம் நான் எப்பிடிங்க…"

தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அவ கண்ணுல விட்ட மருந்தும்மா அது. அவ பொருள்ல கடைசியா தூக்கிப் போட மனசு வராம வச்சிருந்தேன். பாட்டில்ல இருந்ததே கொஞ்சம். அதை இதுக்கு விட்டேன். டாக்டர் கேட்டப்ப, காட்டுனா தூக்கிப் போடுன்னுவாங்களோன்னு பொய் சொல்லிட்டேன்." பிஜூவின் தலையைத் தடவிவிட்டு, "நான் அஞ்சு நாளு, நீ ரெண்டு நாளு. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? ரெண்டு பேரும் இதுகிட்டதான் சொல்லணும்" என்றார்.

ஆட்டோ வந்தது. நான் ஏறிப் பிஜூவை மடியில் வைத்துக்கொண்டேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதன் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்தேன். முகம் துடைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அது கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் கொடுத்தது. என்னிடம் தண்ணீரும் இல்லை, பஞ்சும் இல்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் அது அப்படியே முகத்தைக் கொடுத்தபடி இருந்தது.